ஆய்வுக்கு ஊதியம் கேட்ட மருத்துவர்: சர் ரொனால்டு ராஸ்

மனித குலத்தை நெடுங்காலமாக வருத்தி வரும் நோய்களுள் மலேரியாவும் ஒன்று. நம் முன்னோர் அதனைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் அழைத்தனர். மேலைநாட்டார் அது சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருவது என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர். மலேரியா என்னும் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். அந்நம்பிக்கையைத் தகர்த்து, நோய்க்கிருமி கொசுவின் உடலில் வளர்வதைத் தம் கண்ணால் கண்டு உலகுக்குக் காட்டியவர் சர் ரொனால்டு ராஸ். அவர் பெயரைப் பாடநூலில் படிக்காத மாணவர் அரியர்.

ஆயினும் அவர் வாழ்வில் பாடநூல் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அரசுப் பணியில் இருந்துகொண்டு ஆராய்ந்த மருத்துவர் அவர். அவ்வாராய்ச்சிக்குரிய ஊதியம் எது, அதனை யார் தருவது என்னும் வினாவை எழுப்பி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் வாதாடினார். அறிஞன் பொருளைப் பற்றிப் பேசலாகாது என்று கருதிய காலத்தில் அவர் வெளிப்படையாகப் பேசினார். அதற்காகப் பழியும் ஏற்றார். மருத்துவம் பயில விரும்பும் மாணவரும், அவரை அனுப்பிவைக்கும் பெற்றோரும், ஆசிரியர்களாகிய நாமும் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுவே என்பதால் இவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ராஸ் 1857ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளுள் மூத்தவர் ராஸ். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

இளமையில் அவருக்கு நாட்டம் மருத்துவத்தில் இல்லை. கவிதை, இசை, ஓவியம், கணிதம் ஆகியவற்றிலேயே உள்ளம் தோய்ந்திருந்தது. தந்தையாரோ மகன் இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்று உறுதியாக இருந்தார். நிலையான ஊதியமும் முடிவில் ஓய்வூதியமும் தரும் பணி அது. மகனின் விருப்பம் ஒரு புறமும் குடும்பத்தின் கணக்கு மறுபுறமும் நிற்கும் இக்காட்சி நம் இல்லங்களுக்குப் புதியதன்று.

1875இல் இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்த ராஸ் அங்குச் சிறந்த மாணவராக விளங்கவில்லை. ஒரு தேர்வில் தவறினார். சிலகாலம் கப்பலில் மருத்துவராக வேலை பார்த்தார். பின்னர் 1881இல் இந்திய மருத்துவப் பணித் தேர்வில் வென்று சென்னை மாகாணப் பிரிவில் அமர்ந்தார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் எனப் பல இடங்களில் பணியாற்றினார். கவிதைகளும் நாவல்களும் எழுதினார். முதல் ஏழெட்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பணியின் இயல்பு

அன்றைய இந்திய மருத்துவப் பணி அடிப்படையில் படைப் பணியாகும். போர் இல்லாத காலத்தில் அதன் மருத்துவர்கள் பலர் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் பெருநகரங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே அரசுச் சம்பளத்தோடு தனிப்பட்ட முறையில் நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டவும் வாய்ப்பு இருந்தது. திறமையும் செல்வாக்கும் உள்ள மருத்துவர் ஒருவர் வளமாக வாழ்ந்து, உரிய காலத்தில் ஓய்வூதியத்தோடு தாய்நாடு திரும்பலாம்.

ஆனால் ஆராய்ச்சி என்னும் பணி அவ்வமைப்பில் வகுக்கப்படவில்லை. நோயாளியைப் பார்ப்பதற்குச் சம்பளம் உண்டு. படைவீரரின் உடல்நலத்தைப் பேணுவதற்குச் சம்பளம் உண்டு. நோயின் காரணத்தைத் தேடுவதற்கென்று சம்பளம் இல்லை. தேட விரும்பியவர் தம் ஓய்வு நேரத்தில், தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தேட வேண்டும். அந்நேரத்தில் அவர் தனி மருத்துவம் பார்த்து ஈட்டியிருக்கக்கூடிய வருவாயும் போய்விடும். ராஸ் பின்னாளில் தொடுத்த வழக்கின் வேர் இங்கேதான் உள்ளது. சம்பளம் குறைவு என்பது மட்டும் அவர் முறையீடன்று. ஆராய்ச்சியை அரசு வேலையாகவே மதிக்கவில்லை என்பதே அவர் முறையீடு.

மேன்சனின் வழிகாட்டல்

1888இல் விடுப்பில் இங்கிலாந்து சென்ற ராஸ் பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றார், நுண்ணுயிரியலும் பயின்றார். 1889இல் ரோசா புளோக்சம் அம்மையாரை மணந்து இந்தியா திரும்பினார். அப்போதிருந்து அவர் உள்ளத்தை மலேரியா பற்றிக்கொண்டது.

பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரான் 1880இலேயே அல்ஜீரியாவில் நோயாளிகளின் குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். அதை ராஸ் தம் நுண்ணோக்கியில் காண முயன்று காண இயலாமல் ஐயுற்றிருந்தார். 1894இல் இலண்டனில் பாட்ரிக் மேன்சன் என்னும் மூத்த மருத்துவர் அக்கிருமியை அவருக்குக் காட்டினார். யானைக்கால் நோய்ப்புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் பணியாற்றியபோது கண்டறிந்தவர் மேன்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதனை மெய்ப்பிக்கும் பணியை ராஸ் ஏற்றுக்கொண்டார். 1895இல் இந்தியா திரும்பியவர், பம்பாய்த் துறைமுகத்தில் தம் பெட்டிகள் சுங்கத்திலிருந்து வெளிவரும் முன்பே மருத்துவமனைக்கு விரைந்து மலேரியா நோயாளிகளைத் தேடினார் என்பர்.

அவரது படைப்பிரிவு செகந்திராபாத்தில் இருந்தது. அங்கே அப்துல் காதிர் என்னும் நோயாளியின் குருதியைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். மேன்சனுக்கு மடல் மேல் மடல் எழுதினார். கொசு இறந்து கிடக்கும் நீரைக் குடிப்பதால் நோய் வருமோ என்னும் ஐயம் அன்று மேன்சனுக்கு இருந்தது. அதைச் சோதிப்பதற்காகப் பணம் கொடுத்துச் சிலரை அந்நீரை அருந்தவும் செய்தார் ராஸ். இன்றைய மருத்துவ அறம் அதனை ஒப்பாது. ஏழையின் உடலைக் காசு கொடுத்துச் சோதனைக்கு உட்படுத்திய செயலை நாமும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

மலேரியா ஆய்வுக்கெனத் தமக்குத் தனிப்பணி தருமாறு ராஸ் வேண்டினார். இலண்டனிலிருந்து மேன்சனும் பரிந்துரைத்தார். உரிய பணி வரவில்லை. 1897இல் விடுப்பெடுத்துக்கொண்டு உதகமண்டலம் சென்றார். அங்கிருந்து மலேரியா மிகுந்த சீகூர் மலைப்பாதைக்கு இறங்கிக் கொசுக்களைத் தேடினார். நீலகிரியின் அடிவாரத்தில் அவருக்கே மலேரியா தொற்றியது. ஓய்வுக்குரிய நாள்களில் ஊதியம் இல்லாத வேலைக்குச் சென்று நோயோடு திரும்பினார்.

உசேன் கானும் ஓர் அணாவும்

1897 சூன் திங்களில் ராஸ் மீண்டும் செகந்திராபாத் வந்தார். வெப்பம் தாங்க முடியாதது. விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் விசிறியின்றியே வேலை செய்தார். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. அதன் கண்ணாடி ஒன்றில் விரிசலும் இருந்தது. ஆயிரக்கணக்கில் கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவை மலேரியாவைப் பரப்பாத இனங்களாயிருந்ததே காரணம் என்பதை அவர் அறிந்திலர்.

அப்போது பணியாள் ஒருவர் புழுக்களிலிருந்து வளர்த்த புதுவகைக் கொசுக்களைக் கொண்டு வந்தார். அவற்றின் சிறகுகளில் புள்ளிகள் இருந்தன. அனாபிலிஸ் எனப்படும் இனம் அது. அவற்றைக் கடிக்கவிடுவதற்கு மலேரியா நோயாளி ஒருவர் வேண்டும். உசேன் கான் என்பவர் முன்வந்தார். அவரைக் கொசு வலைக்குள் படுக்க வைத்துக் கொசுக்களை உள்ளே விட்டனர். குருதி குடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா அவருக்குக் கூலி. பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய்.

அக்கொசுக்களை ராஸ் நாள்தோறும் சில என்று அறுத்துப் பார்த்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சியிருந்தவற்றுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட வட்ட வடிவான உயிரணுக்களைக் கண்டார். மனிதக் குருதியில் மலேரியாக் கிருமி கொண்டிருக்கும் துகள்களே அவை. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தபோது அவ்வுயிரணுக்கள் பருத்து வளர்ந்திருந்தன. கிருமி கொசுவின் உடலில் உயிரோடு வளர்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது. அம்மகிழ்ச்சியை அவர் கவிதையாகவும் எழுதி வைத்தார். ஆகஸ்டு 20ஆம் நாள் இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

இந்நிகழ்ச்சியில் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அன்று அந்த அறையில் மலேரியா ஆய்வுக்கென்றே கூலி பெற்றவர் உசேன் கான். அவர் பெற்றது சில அணாக்களே. எனினும் உடனுக்குடன் பெற்றார். அவரை ஆராய்ந்த மருத்துவருக்குப் படைப்பிரிவின் மருத்துவர் என்ற வகையில் மட்டுமே சம்பளம் வந்தது.

இடமாற்ற ஆணை

கண்டுபிடிப்பு முற்றுப்பெறவில்லை. கொசுவிலிருந்து கிருமி மீண்டும் உடலுக்குள் புகும் வழியைக் காண வேண்டும். அதற்குச் சில திங்கள் அமைதியான வேலை போதும் என்று ராஸ் கருதினார். ஆனால் செப்டம்பரில் இடமாற்ற ஆணை வந்தது. இராசபுதனத்தில் உள்ள கேர்வாரா என்னும் சிற்றூருக்கு அவர் அனுப்பப்பட்டார். அவ்வூரில் மலேரியா அரிது.

இவ்வாணையைப் பிறப்பித்தவர்கள் அவர்மீது பகை கொண்டு செய்தார்கள் என்று கூறுவதற்கில்லை. படைப்பிரிவுக்கு மருத்துவர் தேவைப்பட்டார். பட்டியலில் இருந்த ஒருவரை அனுப்பினார்கள். அலுவலகப் பதிவேட்டில் அவர் மலேரியா ஆய்வாளர் அல்லர். ஒரு படை மருத்துவர். அவ்வளவே. பதவியின் பெயர் ஒருவர் செய்யும் வேலையை மறைத்துவிடும்போது நேரும் கேடு இது. மனமுடைந்த ராஸ் பதவி விலகுவதாகவும் கூறினார். மேன்சன் இலண்டனில் உரியவர்களிடம் எடுத்துரைத்ததன் பயனாக 1898 பிப்ரவரியில் கல்கத்தாவுக்குத் தனிப்பணியில் மாற்றப்பட்டார். மலேரியாவோடு காலா அசார் என்னும் கருங்காய்ச்சலையும் ஆராய வேண்டும் என்பது அரசு விதித்த கட்டளை.

கல்கத்தாவில் மலேரியா நோயாளிகள் எளிதில் கிட்டவில்லை. எனவே மேன்சனின் அறிவுரைப்படி பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராயலானார். முகம்மது பக்ஷ், பூர்பூனா என்னும் இருவரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். பூர்பூனா முதற்சம்பளம் பெற்றதும் வேலையை விட்டுப் போய்விட்டார். முகம்மது பக்ஷ் நிலைத்து நின்றார். கொசுக்களைப் பிடிப்பதும் வளர்ப்பதும் பறவைகளைப் பேணுவதும் அவர் வேலை. கிஷோரி மோகன் பந்தோபாத்தியாயர் என்னும் வங்க இளைஞரும் உடனிருந்து உதவினார்.

1898 சூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமிகள் வந்து தங்குவதை ராஸ் கண்டார். நோயுற்ற பறவையைக் கடித்த கொசுக்களை நலமான சிட்டுக்குருவிகளைக் கடிக்கவிட்டார். குருவிகள் நோயுற்றன. கொசு கடிப்பதன் மூலமே கிருமி உடலில் ஏறுகிறது என்னும் உண்மை நிறுவப்பட்டது. அத்திங்களிலேயே எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவர் மாநாட்டில் மேன்சன் அதனை அறிவித்தார். மனித மலேரியா அனாபிலிஸ் கொசுவால் பரவும் முழுச் சுழற்சியை அதே ஆண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் கிராசியும் அவர் தோழர்களும் காட்டினர். யார் முதல்வர் என்பதில் ராசுக்கும் கிராசிக்கும் எழுந்த பூசல் நெடுநாள் நீடித்தது.

ஆண்டுக்கு 250 பவுன்

1899இல் ராஸ் இந்திய மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். வயது நாற்பத்திரண்டு. முழுக்காலம் பணியாற்றியவர்க்குரிய பெரிய ஓய்வூதியம் அவருக்கு இல்லை. இலிவர்பூல் நகரில் கப்பல் வணிகர்களின் நன்கொடையால் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஒன்று அப்போது தோன்றியிருந்தது. அங்கே விரிவுரையாளர் பதவி கிடைத்தது. ஊதியம் ஆண்டுக்கு 250 பவுன். அன்று ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். ஆகவே ஆண்டுக்கு 3,750 ரூபாய். திங்களுக்கு 312 ரூபாய் அளவே. மனைவியும் மக்களும் உள்ள குடும்பம் அது. உலகெங்கும் பெயர் பரவிய ஒருவருக்கு அன்றைய இங்கிலாந்து கணித்த விலை அதுவாயிற்று.

இந்நிலையிலும் அவர் ஓயவில்லை. 1899இல் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனுக்குச் சென்று அங்கு மலேரியாவைப் பரப்பும் கொசுக்களை இனங்கண்டார். 1902இல் சூயசுக் கால்வாய் நிறுவனத்தின் அழைப்பை ஏற்று எகிப்தில் உள்ள இஸ்மாயிலியா நகருக்குச் சென்றார். தேங்கிய நீரை வடித்தும் மூடியும் கொசுவை ஒழிக்க வழிகூறினார். அவ்வழியைப் பின்பற்றிய சில ஆண்டுகளில் அந்நகர மக்கள் மலேரியாவிலிருந்து விடுபட்டனர். மொரீசியசுத் தீவுக்கும் சென்று ஆராய்ந்தார். மலேரியா பரவும் விதத்தைக் கணிதச் சமன்பாடுகளால் விளக்கினார். எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக நலிவுறும் என்று அவர் காட்டிய உண்மை இன்றைய தொற்றுநோய்க் கணிதத்திற்கு அடித்தளமாயிற்று.

1902இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் பிரிட்டானியர் அவரே. இந்திய மண்ணில் பிறந்தவருள்ளும் அவரே முதல்வர். 1911இல் சர் பட்டம் வந்தது. பட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பரிசு தந்தது சுவீடன் நாட்டுச் செல்வர் ஒருவர் விட்டுச்சென்ற நிதி. அவர் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்த அரசு அக்கண்டுபிடிப்புக்கெனத் தனியே எதுவும் தரவில்லை.

நிதியமைச்சருக்கு விண்ணப்பம்

அம்மை குத்தும் முறையைக் கண்ட எட்வர்டு ஜென்னருக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1802இல் 10,000 பவுனும் 1807இல் 20,000 பவுனும் வழங்கியிருந்தது. ஆராய்ச்சியில் மூழ்கியதால் ஜென்னர் தம் மருத்துவத் தொழிலின் வருவாயை இழந்தார் என்பதைக் கருதியே அத்தொகை வழங்கப்பட்டது. இம்முன்மாதிரியைச் சுட்டி, முதல் உலகப் போருக்குச் சற்றுமுன் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கு ராஸ் விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அத்திங்களிலேயே அவருடைய மூத்த மகன் போர்க்களத்தில் உயிர்துறந்தான்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டா என்று ஆராய்வது நம் கடமை. மருந்தோ கருவியோ கண்டுபிடித்தவர் காப்புரிமை பெற்றுச் செல்வராகலாம். நோயாளியைக் குணப்படுத்துபவர் கட்டணம் பெறலாம். நோய் வராமல் தடுக்கும் வழியைக் கண்டவர் யாரிடம் கட்டணம் பெறுவார்? நோய் வராதவன் தனக்கு வராத நோய்க்காக எவருக்கும் பணம் தருவதில்லை. அவ்வுண்மையால் பயன் பெறுவது நாடு முழுமையும் ஆகும். ஆகவே நாட்டின் கருவூலமே அதற்குக் கடன்பட்டது. ராசின் வாதத்தின் சாரம் இதுவே. இதனை மறுக்க நம்மால் இயலவில்லை.

தம்பொருட்டு மட்டும் அவர் வாதாடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1913 முதல் அறிவியல் இதழ் ஒன்றன் ஆசிரியராக இருந்து, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் உழைப்போர் பெறும் சம்பளம் எவ்வளவு அற்பமானது என்பதைத் தொடர்ந்து எழுதினார். ஆராய்ச்சிக்கென்று கட்டடம் எழுப்பும் அரசுகள் அதனுள் அமர்ந்து உழைப்பவனை மறந்துவிடுகின்றன என்பது அவர் கண்ட குறை. கண்டுபிடித்த பின் பரிசு தருவதும் வேண்டும், தேடும் காலத்தில் வாழத்தக்க ஊதியம் தருவதும் வேண்டும் என்றார்.

முதுமை

முதல் உலகப் போரின்போது படைத்துறைக்கு மலேரியா ஆலோசகராகப் பணிபுரிந்தார். 1923இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1926இல் இலண்டனில் அவர் பெயரால் ஆய்வு நிறுவனமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. 1927இல் கல்கத்தா வந்தபோது அவர் ஆராய்ந்த மருத்துவமனை வாயிலில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருப்பதைக் கண்டார். அவ்வாண்டே வாதநோய் அவரைத் தாக்கியது.

1928இல் தம் ஆய்வுக் குறிப்புகளையும் மடல்களையும் விற்பதற்கு அவர் விளம்பரம் செய்தார். தம் மனைவிக்கும் குடும்பத்துக்கும் பொருள் வேண்டும் என்று காரணம் கூறினார். ஹூஸ்டன் சீமாட்டி என்னும் செல்வர் 2,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கினார். அவற்றை அம்மையார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளிக்க முன்வந்தபோது அந்நிறுவனம் ஏற்றுக்கொள்ளவில்லை. இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் உள்ள மருத்துவ நிறுவனங்கள் இன்று அத்தாள்களைப் பாதுகாத்து வருகின்றன. ராஸ் வறுமையில் மடிந்தார் என்று எழுதினால் அது உண்மையாகாது. ஆனால் உலகுக்குப் பயன்பட்ட தாள்களை ஒரு முதியவர் விற்பனைக்கு வைத்த காட்சி அவர் வாழ்ந்த நாட்டுக்குப் பெருமை தருவதன்று. 1931இல் மனைவி மறைந்தார். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் ராஸ் உயிர்நீத்தார்.

குறையும் நிறையும்

ராஸ் குறையற்ற மனிதர் அல்லர். கடுஞ்சொல்லர், பூசலை விரும்பியவர் என்றே பலர் கருதினர். கிராசியின் பங்கைச் சிறுமைப்படுத்தினார். தம்மை வழிநடத்திய மேன்சனோடும் பிற்காலத்தில் பகைத்துக்கொண்டார். உரிய காலத்தில் கிட்டாத மதிப்பு அவர் உள்ளத்தைக் கசப்பாக்கியது என்று சொல்லலாம். அதனால் அக்கசப்பு நியாயமாகிவிடாது.

இன்னொன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. தமக்குரியதைக் கேட்ட ராசின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. கொசுவைப் பிடித்த முகம்மது பக்ஷும், தம் உடலைக் கொடுத்த உசேன் கானும் அப்துல் காதிரும் அவருடைய எழுத்துகளில் ஓரிரு வரிகளில் மட்டுமே வாழ்கின்றனர். புள்ளிச் சிறகுக் கொசுவைக் கொண்டு வந்த பணியாளின் பெயர் அவ்வளவு பரவலாகக்கூட அறியப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் தலைவர்க்கு ஊதியம் உண்டா என்று கேட்பவர், கடைசி உதவியாளர்க்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். பூர்பூனா முதற்சம்பளத்தோடு போய்விட்டதைச் சொல்லி நகைப்பவர் உண்டு. அச்சம்பளம் அவரை நிறுத்தி வைக்கப் போதவில்லை என்றும் அதனைப் படிக்கலாம் அல்லவா?

நம் மரபும் நம் கடமையும்

அறிவுக்கும் மருத்துவத்துக்கும் ஊதியம் தருவது இசுலாமிய வரலாற்றுக்குப் புதியதன்று. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய பெருமருத்துவமனைக்கு வக்ஃபு நிலங்களும் கடைகளும் எழுதி வைக்கப்பட்டன. அவற்றின் வருவாயிலிருந்து நோயாளிக்கு உணவும் மருந்தும் வழங்கப்பட்டன. மருத்துவர்க்குச் சம்பளமும் வழங்கப்பட்டது. அங்கு நோயாளி கட்டணம் தர வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. தருமம் நோயாளிக்கு, ஊதியம் உழைப்பாளிக்கு. இவ்விரண்டையும் குழப்பாமல் பிரித்து வைத்தது அவ்வேற்பாட்டின் சிறப்பு. உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கும் நெறியில் வளர்ந்தவர்கள் நாம். நுண்ணோக்கியின் திருகில் படிந்து துருவாகிய வியர்வையும் வியர்வையே.

இந்தியாவில் மருத்துவ ஆய்வுக்கெனத் தனி அமைப்பு பின்னர் உருவாயிற்று. சென்னை கிண்டியில் கிங் ஆய்வு நிலையம் 1899இல் தோன்றியது. 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் நிறுவப்பட்டது. அதுவே விடுதலைக்குப்பின் 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகப் பெயர் பெற்றது. ஆய்வாளன் என்னும் பதவிக்குப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. ஆயினும் மருத்துவமனையில் ஈட்டும் பொருளுக்கும் ஆய்வுக்கூடத்தில் பெறும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி மறைந்துவிடவில்லை. மருத்துவம் படித்த இளைஞர் ஒருவர் ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் இல்லத்தில் முதலில் எழும் கேள்வி இன்றும் அதுவேயாகும்.

அக்கேள்வியைக் கேட்கும் பெற்றோரை நாம் குறைகூற மாட்டோம். அவர்கள் கணக்கில் பிழையில்லை. பிழை எங்கே இருக்கிறதென்றால், தன்னலம் துறந்து உழைக்கின்றார் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, அப்புகழையே சம்பளமாகக் கருதிவிடும் வழக்கத்தில் இருக்கிறது. தியாகம் ஒருவர் தாமாக மனமுவந்து செய்வது. பிறர் அதனை அவரிடம் கட்டளையாகக் கேட்டுப் பெறுதல் தியாகமாகாது. அது கொடுபடாத கூலி. மாலையும் பொன்னாடையும் குடும்பத்துக்கு உணவாகா. இதனை ஆட்சியாளர் மட்டுமன்றிக் கல்வி நிறுவனங்களை நடத்தும் நம் சமுதாயப் பெரியோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். அறக்கட்டளைகள் மாணவர்க்கு உதவித்தொகை அளிப்பது போலவே, ஆராய்ச்சியில் ஈடுபடும் இளம் மருத்துவர்க்கும் அறிவியலார்க்கும் சில ஆண்டுகள் துணைநிற்கும் நிதியை ஏற்படுத்தலாம்.

மலேரியா இன்னும் ஒழிந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் பேர் அதனால் மாண்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். அந்நோய்க்கு எதிராகக் குழந்தைகளுக்குப் போடத்தக்க முதல் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. செகந்திராபாத் அறையில் தொடங்கிய வேலை இன்னும் நடைபெறுகிறது. அதனை முடித்து வைக்கப் போகும் கைகள் இன்று எந்த வகுப்பறையில் இருக்கின்றனவோ, நாம் அறியோம். நம் கல்லூரி மாணவராகவும் இருக்கக்கூடும். அவர் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் நிற்கும்போது, உள்ளே போனால் எப்படி வாழ்வது என்னும் அச்சத்தோடு திரும்பிவிடாதிருக்கும் நிலையை உருவாக்குதல் நம் அனைவரின் பொறுப்பாகும். அதற்கு வல்ல இறைவன் நமக்கு மனமும் வளமும் அருள்வானாக!